பென்டிரைவில் பப்பி லினக்ஸ்: சோதிப்பதும் வேலைக்கேற்ப வடிவமைப்பதும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேமும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் வேண்டும். இன்டெல் செயலி என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். இந்தத் தகுதிகள் இல்லாத கணினிகள் பள்ளிகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் சிறு அலுவலகங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தவை பல வீடுகளின் அலமாரிகளில் தூங்குகின்றன. "இதைத் தூக்கிப் போடுவதா, இன்னும் இரண்டு வருடம் ஓட்ட முடியுமா?" என்று கேட்பவருக்கு ஆதாரத்தோடு பதில் சொல்லத் தெரிந்தவருக்கு இன்று வேலை இருக்கிறது.

அந்தப் பதிலைத் தேட மிகக் குறைந்த செலவில் அமையும் கருவி, பென்டிரைவிலிருந்து இயங்கும் இலகுரக லினக்ஸ். இந்த வகையில் பல உண்டு. ஆன்டிஎக்ஸ், ஸ்லாக்ஸ், போர்டியஸ், டைனி கோர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிச் சிறப்பு இருக்கிறது. கற்றுக்கொள்ளவும் களத்தில் பயன்படுத்தவும் நான் பரிந்துரைப்பது பப்பி லினக்ஸ். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாரி காலர் 2003-இல் தொடங்கியது இது. இப்போது ஆர்வலர் குழு ஒன்று வளர்த்துவருகிறது. உபுண்டு 20.04-ஐ அடிப்படையாகக் கொண்ட ஃபோசாபப், டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட புக்வார்ம்பப் என்று பல பதிப்புகள் கிடைக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர் புக்வார்ம்பப்பை எடுக்கலாம். 32 பிட் மட்டுமே தெரிந்த மிகப் பழைய கணினிக்கும் அதில் தனிப் பதிப்பு உண்டு. டெபியன் 13 முதல் 32 பிட் கணினிகளுக்கு நிறுவியோ கெர்னலோ வருவதில்லை என்பதால் இது முக்கியம்.

டெஸ்க்டாப் சப்போர்ட்டில் இருப்பவர்கள், சர்வீஸ் கடை நடத்துபவர்கள், பள்ளிக் கணினி ஆய்வகப் பொறுப்பாளர்கள், இந்தத் துறையில் முதல் வேலை தேடுபவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பப்பியை எப்படி நிறுவுவது என்பதைவிட எப்படிச் சோதிப்பது என்பதற்கே இங்கே கூடுதல் இடம். நிறுவுவதை ஒரு மாலையில் கற்றுவிடலாம். முறையாகச் சோதிக்கத் தெரிந்தவர்கள்தான் எங்கேயும் குறைவு.

அடுக்குகளைப் புரிந்துகொள்ளுங்கள்

பப்பி இயங்குதளத்தின் பெரும்பகுதி எஸ்எஃப்எஸ் என்ற சுருக்கப்பட்ட கோப்பில் அடங்கியிருக்கிறது. அதைப் படிக்க முடியும், அதில் எழுத முடியாது. கணினி தொடங்கும்போது, ரேம் போதுமான அளவு இருந்தால், இந்தக் கோப்பு ரேமுக்கு ஏறுகிறது. அதன்மேல் எழுதக்கூடிய இன்னோர் அடுக்கு விரிகிறது. ஒரு கண்ணாடித் தாளின்மேல் இன்னொன்றை வைத்துப் பார்ப்பது போல, இரண்டு அடுக்கும் சேர்ந்து உங்களுக்கு ஒரே கோப்பு முறைமையாகத் தெரிகின்றன. நீங்கள் செய்யும் எந்த மாற்றமும் மேல் அடுக்கில் மட்டுமே விழும். கீழ் அடுக்கிலுள்ள ஒரு கோப்பை அழித்தால்கூட, 'இது அழிக்கப்பட்டது' என்ற குறிப்புதான் மேலே பதிவாகிறது. மூலக் கோப்பு அப்படியே இருக்கும்.

இந்த மேல் அடுக்கை எங்கே வைப்பது என்பது உங்கள் விருப்பம். ரேமில் மட்டும் வைத்தால் கணினியை அணைத்ததும் எல்லாம் மறைந்துவிடும். பென்டிரைவில் ஒரு சேமிப்புக் கோப்பாகவோ கோப்புறையாகவோ வைத்தால் அடுத்த முறையும் தொடரும். இந்த ஏற்பாடுதான் பப்பியைச் சோதனைக்கு ஏற்றதாக்குகிறது. மேல் அடுக்கைச் சேமிக்காதவரை பப்பிக்குள் எதை வேண்டுமானாலும் உடைத்துப் பார்க்கலாம், அடுத்த தொடக்கத்தில் புத்தம் புதிதாக எழுந்து நிற்கும்.

பென்டிரைவைத் தயார் செய்தல்

16 ஜிபி போதும். யுஎஸ்பி 3.0 ஆக இருந்தால் நல்லது. சந்தையில் 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி மட்டும் கொண்ட போலிகள் உலவுகின்றன. அவற்றில் எழுதும் கோப்புகள் ஏறியது போலவே தெரியும், படிக்கப்போனால் கெட்டிருக்கும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 ஆகிய இலவசக் கருவிகள் முழு இடத்திலும் எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். புதிய பென்டிரைவ் வாங்கியதும் செய்யவேண்டிய முதல் வேலை இதுதான்.

பப்பியின் ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கியதும் அதன் சரிபார்ப்பு எண்ணை வெளியீட்டாளர் தந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். விண்டோஸிலேயே உள்ள செர்ட்யூட்டில் கட்டளை இதற்குப் போதும். பிறகு ரூஃபஸ் அல்லது வென்டாய் மூலம் பென்டிரைவில் ஏற்றுங்கள். ரூஃபஸ் கேட்கும்போது ஐஎஸ்ஓ முறையைத் தேர்ந்தெடுங்கள். டிடி முறையில் எழுதினால், பப்பி இருக்கும் பகுதி எழுத முடியாததாகிவிடும். பின்னால் சேமிப்புக் கோப்பை அங்கே வைக்க முடியாமல் திகைப்பீர்கள்.

பூட் மெனுவுக்கான விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டெல்லிலும் லெனோவோவிலும் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. ஏசரில் எஃப்12 மெனுவை முதலில் பயாஸுக்குள் போய் இயக்கிவிட வேண்டியிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில கணினிகளில் செக்யூர் பூட்டை அணைத்தால்தான் பப்பி எழும். அந்தக் கணினியில் விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால், செக்யூர் பூட்டைத் தொட்டதுமே அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண் உரிமையாளர் கையில் இல்லை என்றால் அவருடைய தரவு பூட்டிய பெட்டிக்குள் போய்விடும். ஆகவே பயாஸைத் திறக்கும் முன்பே பிட்லாக்கர் இருக்கிறதா, மீட்பு எண் எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இயங்கும்போது 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. அரைத்தூக்கத்தில் இருக்கும் அந்த வன்தட்டுப் பகுதியில் லினக்ஸிலிருந்து எழுதினால் கோப்புகள் சிதையக்கூடும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே அணைத்தால் முழுமையாக அணையும்.

முதல் ஓட்டத்தில் எதையும் சேமிக்காதீர்கள்

பப்பியின் பூட் மெனுவில், சேமிப்பைப் புறக்கணித்து ரேமில் மட்டும் இயங்கும் தேர்வு ஒன்று இருக்கும். 'பிஃபிக்ஸ் ராம்' என்பது அதற்கான பூட் கட்டளை. உங்கள் ஒவ்வொரு சோதனையும் இந்த நிலையில்தான் தொடங்க வேண்டும். அப்போதுதான் பார்க்கும் குறை கணினியுடையதா, பப்பியுடையதா, நீங்கள் முன்பு செய்த மாற்றத்துடையதா என்ற குழப்பம் வராது.

திரை எழுந்ததும் அழகைப் பார்த்துக்கொண்டிருக்காமல் வரிசையாகச் சரிபாருங்கள். வைஃபை பிடிக்கிறதா? பழைய பிராட்காம் சில்லுகளும் சில ரியல்டெக் சில்லுகளும் தகராறு செய்யும். ஒலி ஸ்பீக்கரிலும் ஹெட்போனிலும் வருகிறதா? திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா? மூடியை மூடித் திறந்தால் கணினி விழிக்கிறதா? பலர் விட்டுவிடும் சோதனை இதுதான், மடிக்கணினிக்காரர் முதலில் புகார் சொல்வதும் இதைப் பற்றித்தான். டச்பேட், வெப்கேம், ஒவ்வொரு யுஎஸ்பி துளை, புரொஜெக்டருக்கான இணைப்பு ஆகியவற்றையும் விடாதீர்கள்.

ரேமை இரண்டு முறை அளக்க வேண்டும். எந்த நிரலும் திறக்காதபோது ஒருமுறை, அந்தப் பயனர் அன்றாடம் திறக்கும் தளங்களை உலாவியில் திறந்து வைத்து இன்னொரு முறை. 'ஃப்ரீ' என்ற கட்டளை கணக்கைக் காட்டும். முதல் எண் உங்களை மகிழ்விக்கும், முடிவெடுக்க வேண்டியது இரண்டாவது எண்ணை வைத்து. இயங்குதளம் எவ்வளவு இலகுவாக இருந்தாலும் இன்றைய இணையதளங்கள் இலகுவானவை அல்ல. 1 ஜிபி ரேம் கொண்ட கணினியில் பப்பி சுறுசுறுப்பாக எழும், உலாவியில் நான்கு பக்கம் திறந்ததும் திணறும். அந்தக் கணினியைத் தட்டச்சுக்கும் அச்சுக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். முடியுமானால் ரேமைக் கூட்டச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே போதும் என்ற நிலையிலும் பல கணினிகள் இருக்கின்றன. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். லினக்ஸை விற்பது உங்கள் வேலை இல்லை.

பிரின்டருக்குத் தனிப் பத்தி தேவை. நம் ஊர் அலுவலகங்களில் கேனான் எல்பிபி 2900 பரவலாக இருக்கிறது. அது கேப்ட் என்ற கேனானின் சொந்த மொழியில் பேசும் இயந்திரம் என்பதால், பொதுவான லினக்ஸ் டிரைவர்கள் அதற்கு உதவா. தனி டிரைவரை இறக்கி அமைக்க வேண்டும், அதிலும் பொறுமை வேண்டும். எச்பி பிரின்டர்கள் பலவற்றுக்கு எச்பிலிப் தொகுப்பு இருப்பதால் வேலை எளிது. பிரின்டரைத் தவிர, சில மென்பொருள்களும் தடையாகலாம். கணக்குப்பதிவுக்கான டாலி, விண்டோஸுக்கான மென்பொருள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்தும் வேலைகளும் பெரும்பாலும் விண்டோஸை எதிர்பார்த்தே அமைந்திருக்கின்றன. வாடிக்கையாளர் இவற்றை நம்பிப் பிழைப்பவர் என்றால், அந்த ஒரு கணினியை விண்டோஸிலேயே விட்டுவிட்டு மற்றவற்றை மாற்றலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சோதனையின் பலன் எழுத்தில் இருக்கிறது

கணினியின் மாடல், செயலி, ரேம், பப்பியின் பதிப்பு, பூட் தேர்வு, என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பப்பியிலேயே உள்ள பப்-சிஸ்இன்ஃபோ என்ற கருவி, கணினியின் உள்ளுறுப்புகள் அனைத்தையும் ஓர் அறிக்கையாகத் தரும். அதையும் இணைத்துவிடுங்கள். 'வைஃபை வேலை செய்யவில்லை' என்பது யாருக்கும் உதவாத வாக்கியம். 'வைஃபை பட்டியலில் அலுவலகப் பெயர் தெரிகிறது, கடவுச்சொல் கொடுத்ததும் இணைப்பு அறுகிறது, அதே அறையில் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டோடு இணைகிறது' என்று எழுதினால் பாதித் தீர்வு அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிரைவரையும் கெர்னலையும் சேர்த்து மாற்றி, வைஃபை வந்துவிட்டால் எதனால் வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த கணினியில் மீண்டும் இரண்டையும் மாற்றுவீர்கள். பப்பியில் மறுபடி புதிதாகத் தொடங்க ஓரிரு நிமிடங்களே ஆவதால், இந்த ஒழுங்கைக் கைவிடுவதற்குச் சாக்கே கிடையாது.

சேமிக்கும் நேரம்

கணினி தேறிவிட்டது என்று உறுதியான பிறகு, அணைக்கும்போது பப்பி கேட்கும் கேள்விக்குச் 'சேமி' என்று பதில் கொடுங்கள். கோப்பா, கோப்புறையா என்று கேட்கும். பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் கோப்புதான் வழி, அதுவும் 4 ஜிபிக்கு மேல் போகாது. லினக்ஸுக்கான எக்ஸ்ட்4 பகுதி ஒன்று இருந்தால் கோப்புறையைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு முன்கூட்டியே அளவு குறிக்கத் தேவையில்லை, இடம் இருக்கும்வரை வளரும். பப்பியிலேயே உள்ள ஜிபார்ட்டெட் மூலம் பென்டிரைவை இரண்டாகப் பிரித்து, முதல் பகுதியை ஃபேட்32 ஆகவும் இரண்டாவதை எக்ஸ்ட்4 ஆகவும் வைப்பதே என் வழக்கம். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. விண்டோஸ் கணினியில் செருகினால் இரண்டாவது பகுதியைப் புரிந்துகொள்ளாமல் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும். அவசரத்தில் யாராவது 'ஆம்' கொடுத்துவிடாமல் இருக்க, பென்டிரைவின் மேலேயே ஒரு துண்டுச்சீட்டு ஒட்டுங்கள்.

பென்டிரைவில் தொடர்ந்து எழுதினால் அதன் ஆயுள் குறையும். இதற்காகவே பப்பியில் ஒரு தனி முறை உண்டு. மாற்றங்களை ரேமில் வைத்திருந்து, குறித்த இடைவெளியில் மட்டும் பென்டிரைவுக்கு மாற்றும். இடைவெளி வழக்கமாக 30 நிமிடம். அதைப் பூஜ்யமாக்கி, நீங்கள் சொல்லும்போது மட்டும் சேமிக்கவும் செய்யலாம். சோதனை செய்பவருக்கு நான் பரிந்துரைப்பது பூஜ்யம்தான். ஒரு மென்பொருளை நிறுவிப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் சேமிக்காமல் அணைத்துவிடலாம். மின்சாரம் அடிக்கடி போகும் இடத்தில் வேலை செய்பவருக்கு மட்டும் சிறிய இடைவெளி நல்லது.

சேமிப்புக் கோப்பை உருவாக்கும்போதே அதை மறையாக்கம் செய்யும் தேர்வும் வரும். பையில் சுற்றும் பென்டிரைவ் தொலையக்கூடிய பொருள். அதில் மின்னஞ்சலோ கடவுச்சொல்லோ இருந்தால் மறையாக்கம் கட்டாயம்.

வேலைக்கேற்ப வடிவமைத்தல்

முதலில் நேரம். விண்டோஸ் கணினியின் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் பதிவாகியிருக்கும். பப்பி அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டால் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டும். முதல் அமைப்புத் திரையிலேயே 'உள்ளூர் நேரம்' என்று குறித்து, நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று வையுங்கள். நேரம் பெரிதாகத் தவறியிருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள்கூடத் திறக்க மறுக்கும்.

அடுத்தது தமிழ். எழுத்துக்குப் பதிலாகக் கட்டங்கள் தெரிந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவை இறக்கி, ரூட் கோப்புறைக்குள் உள்ள மறைந்த எழுத்துருக் கோப்புறையில் போடுங்கள். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உருவான கோப்புகளைக் கையாளும் டிடிபி கடை என்றால் அந்த எழுத்துருக்களையும் கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும். உள்ளீட்டுக்கு, 1999-இல் தரப்படுத்தப்பட்ட தமிழ் 99-ஐத்தான் பலர் எதிர்பார்ப்பார்கள். மெய்க்கும் உயிருக்கும் அடுத்தடுத்த விசைகளைத் தட்டினால் உயிர்மெய் ஆவது, புள்ளி தானாக விழுவது ஆகிய வசதிகளுக்கு வெறும் விசைப்பலகை மாற்றம் போதாது. ஐபஸும் அதனுடன் எம்17என் தொகுப்பும் நிறுவ வேண்டும். இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்து கொடுத்தால், லினக்ஸ் என்ற பெயரையே கேட்டிராத தட்டச்சரும் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடுவார்.

மென்பொருள்களைச் சேர்ப்பதில் ஒரு சிக்கனம் உண்டு. லிப்ரெஆஃபிஸ் போன்ற பெரியவற்றைச் சேமிப்புக்குள் நிறுவாமல் தனி எஸ்எஃப்எஸ் கோப்பாக வெளியே வைத்து, வேண்டும்போது ஏற்றிக்கொள்ளுங்கள். சேமிப்பு சிறிதாக இருக்கும், கெட்டாலும் மென்பொருள் பத்திரமாக இருக்கும். ஆப்இமேஜ் வடிவில் கிடைப்பவற்றையும் இப்படியே வெளியே வைக்கலாம். உலாவியின் தற்காலிகக் கோப்புகளை ரேமுக்குத் திருப்பிவிடுங்கள்.

புக்வார்ம்பப்பில் டெபியனின் ஆப்ட் இருக்கிறது. ஒரு தொகுப்பை நிறுவ அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். முழு முறைமையையும் 'அப்கிரேட்' செய்யும் கட்டளையை மட்டும் கொடுக்காதீர்கள். கீழ் அடுக்கில் ஏற்கெனவே உள்ள கோப்புகளின் புதிய பிரதிகள் எல்லாம் மேல் அடுக்கில் வந்து குவியும், பப்பி தனக்காக மாற்றி அமைத்துள்ள கோப்புகளும் மேலெழுதப்படலாம். உலாவியைப் புதுப்பியுங்கள், பாதுகாப்புக்கு அவசியமானதைப் புதுப்பியுங்கள். மற்றதைப் பப்பியின் அடுத்த பதிப்பு பார்த்துக்கொள்ளும்.

ஆய்வகத்துக்குப் பல பென்டிரைவ்கள் தேவை என்றால் ஒரு படி மேலே போகலாம். நீங்கள் சேர்த்த அமைப்புகளை ஒரு கோப்புறையில் திரட்டி, அதை எஸ்எஃப்எஸ் ஆக்கி, ஒய்டிரைவ் அல்லது ஏடிரைவ் என்ற பெயர் மரபில் பப்பியின் மூலக் கோப்புக்குப் பக்கத்தில் வைத்தால், ஒவ்வொரு தொடக்கத்திலும் அது தானாக ஏறும். அதிலும் எழுத முடியாது. சேமிப்பு இல்லாமல் இயக்கினால், மாணவர்கள் எதைக் கலைத்தாலும் மறுநாள் காலையில் தமிழ் எழுத்துருவும் பிரின்டரும் வால்பேப்பரும் முதல் நாள் போலவே இருக்கும். முழு ஐஎஸ்ஓவையும் மறுபடி உருவாக்கும் ரீமாஸ்டர் முறையைவிட இதையே நான் விரும்புகிறேன். எதை மாற்றினோம் என்பது ஒரு சிறிய கோப்பில் தனியாகத் தெரிகிறது, மூலம் தொடப்படாமல் இருக்கிறது.

அலுவலகத்தில் அனுமதி

நிறுவனக் கணினியை அனுமதி இல்லாமல் சொந்தப் பென்டிரைவில் தொடங்காதீர்கள். நோக்கம் நல்லதாக இருந்தாலும் பல இடங்களில் அது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய செயல். பப்பியில் எழுந்தவுடன், மறையாக்கம் செய்யப்படாத எந்த வன்தட்டையும் ஒரே சொடுக்கில் திறந்துவிடலாம் என்பதை நினைவில் வையுங்கள். அந்தக் கணினியில் சம்பளப் பட்டியலோ நோயாளியின் கோப்போ இருக்கலாம். மேலாளரிடமோ உரிமையாளரிடமோ, எந்தக் கணினி, எந்தத் தேதி, எந்த வேலை என்று குறிப்பிட்டு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கெட்டுப்போன வன்தட்டிலிருந்து டிடிரெஸ்க்யூ அல்லது டெஸ்ட்டிஸ்க் கொண்டு கோப்புகளை மீட்கும்போது இது இன்னும் அவசியம். மீட்டதை உங்கள் பென்டிரைவில் வைத்திருக்காதீர்கள், உரிமையாளருடைய வட்டில் ஒப்படைத்துவிட்டு உங்கள் பிரதியை அழித்துவிடுங்கள்.

பப்பியில் நீங்கள் ரூட் பயனராகவே இயங்குகிறீர்கள். தனியாளின் சோதனைக் கருவிக்கு இது வசதி. நெருப்புச்சுவரை நீங்களே இயக்கிக்கொள்ளுங்கள், உலாவியைப் பப்பியிலுள்ள 'ஸ்பாட்' என்ற வரம்புக்குட்பட்ட பயனராக ஓட்டுங்கள். இந்த ரூட் பழக்கத்தைச் சர்வருக்கோ பலர் பகிரும் கணினிக்கோ கொண்டுபோகாதீர்கள்.

நேர்முகத் தேர்வில் இதை எப்படிப் பேசுவது

'பப்பி லினக்ஸ் தெரியும்' என்று பயோடேட்டாவில் ஒரு வரி எழுதினால் யாரும் கவனிக்கப் போவதில்லை. வெவ்வேறு மாடல் கணினிகளில் நீங்கள் செய்த சோதனைக் குறிப்புகளை ஒரு கோப்பாகத் திரட்டி எடுத்துச் செல்லுங்கள். பெயரும் தரவும் நீக்கிய பிரதிகளாக இருக்கட்டும். எந்தச் சில்லில் வைஃபை வரவில்லை, எந்த வரிசையில் தேடினீர்கள், எதைப் பரிந்துரைத்தீர்கள், எதை வேண்டாம் என்றீர்கள் என்பது அதில் தெரியும். சப்போர்ட் வேலைக்கு ஆள் எடுப்பவர் தேடுவது இதைத்தான்.

பப்பியின் அடுக்குமுறை இன்னொரு கதவையும் திறக்கிறது. கன்டெய்னர் எனப்படும் தனித்த சூழல்களில் நிரல்களை இயக்கும், கிளவுட் வேலைகளில் எங்கும் பேசப்படும் டாக்கர் 2013-இல் வெளிவந்தபோது, பப்பி பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய ஏயுஎஃப்எஸ் என்ற அடுக்குக் கோப்பு முறைமையையே பயன்படுத்தியது. 2014-இல் ஓவர்லேஎஃப்எஸ் லினக்ஸ் கெர்னலின் 3.18 பதிப்பில் சேர்ந்தபின் டாக்கர் அதற்கு மாறியது, சில புதிய பப்பிகளும் அதை ஏற்கின்றன. டாக்கரின் இமேஜ் என்பது எழுத முடியாத அடுக்குகளின் தொகுப்பு. கன்டெய்னர் இயங்கும்போது மேலே எழுதக்கூடிய ஓர் அடுக்கு சேர்கிறது, கன்டெய்னரை நீக்கினால் அதுவும் போய்விடுகிறது. தரவு தங்கவேண்டும் என்றால் வெளியே ஒரு வால்யூம் இணைக்க வேண்டும். ரேமில் மட்டும் பப்பியை ஓட்டி, பிறகு சேமிப்புக் கோப்புறையை இணைத்துப் பார்த்தவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. 'கன்டெய்னரை நீக்கினால் தரவு ஏன் போகிறது?' என்று நேர்முகத் தேர்வில் கேட்டால், எந்தக் கோப்பு எந்த அடுக்கில் விழுகிறது என்று ஒரு வெள்ளைத்தாளில் வரைந்து காட்டுங்கள்.